தங்கை நிகழ்தகவில் பிஎச்டி செய்யப் போகிறாளாம், அதில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

அல்சூர்_அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பெங்களூர் பீனியாவில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன், பதினோரு வருடம் ஆகிறது, படிப்பு டிப்ளமோவோடு நின்றுவிட்டது. வீட்டில் அம்மா, நான், தங்கை, மூன்று பேர்தான். தங்கை எம்எஸ்சி கணிதம் கடைசி வருடம். அடுத்து பிஎச்டி செய்யப் போகிறேன், அதுவும் நிகழ்தகவில், ஸ்டோகாஸ்டிக் பிராசஸ் என்கிறாள். நேரம் போகப்போகத் தற்செயலாக மாறிக்கொண்டே இருக்கும் விஷயங்களைப் பற்றிய கணக்கு என்று அர்த்தமும் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த நிகழ்தகவு பத்தாம் வகுப்பில் படித்ததுதான். பூ விழ பாதி, தலை விழ பாதி, ஒரு பையில் நாலு சிவப்புப் பந்து மூணு நீலப் பந்து. இதில் ஐந்து வருடம் உட்கார்ந்து ஆராய என்ன இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "காசு சுண்டாமல் மனதாலேயே 100 தடவை பூ, தலை என்று எழுது அண்ணா, அப்புறம் இன்னொரு தாளில் நிஜமாகவே 100 தடவை சுண்டி எழுது, எது எது என்று சொல்லாதே" என்றுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஒரு ரூபாய் நாணயத்தை எவர்சில்வர் தட்டில் போட்டுப் போட்டு எழுதினேன், சத்தத்தில் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்தவள் இரண்டு தாளையும் ஐந்து நொடி பார்த்திருப்பாள், இதுதான் நிஜம் என்று சரியாக எடுத்துவிட்டாள். நான் மனதால் எழுதியதில் ஒரே பக்கம் மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து வரவே இல்லை. நிஜத்தில் ஓரிடத்தில் ஏழு தலை வரிசையாக நின்றது.

அது பிடித்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அம்மா என்னிடம் கேட்பது வேறு. தினமும் காலையில் போய் உட்கார்ந்து இவர்கள் என்ன செய்வார்கள்? கண்டுபிடிக்க இன்னும் என்ன மிச்சம்? எனக்கு அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும், அதற்கு முதலில் எனக்கே புரிய வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெங்கேரி_கணக்கு

அண்ணா, நான் இதே துறையில் மூன்றாம் வருடம் பிஎச்டி, பெங்களூரில்தான். உங்கள் தங்கை செய்து காட்டியது நல்ல தொடக்கம். 100 தடவை சுண்டினால் பூவோ தலையோ ஐந்து முறை தொடர்ந்து விழ 97 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. மனிதர்கள் அதை நம்ப மாட்டார்கள், மூன்று விழுந்ததும் கை தானாக மாற்றி எழுதிவிடும். சுண்டும் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினால் மிக நீளமான தொடர் சராசரியாக ஒன்றே ஒன்றுதான் கூடும் என்பதுவரை கணக்கு இருக்கிறது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை உங்கள் பட்டறையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தொகுதியில் 1000 பீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட். ஒவ்வொன்றும் சில மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு, முன்னே பின்னே இருக்கும், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாள் அந்த 1000 பீஸின் சராசரி நம்ப முடியாத அளவுக்கு விலகிவிட்டது, ஆனால் மெஷினில் எந்தப் பழுதும் இல்லை, வெட்டும் முனையான இன்சர்ட் தேயவில்லை, வெறும் தற்செயல்தான் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: ஒவ்வொரு பீஸும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்குமா, இல்லை 999 சரியாக இருந்து ஒன்றே ஒன்று மொத்தமாகக் கெட்டிருக்குமா?

பதில் அந்தத் தற்செயல் எந்த மாதிரியானது என்பதைப் பொறுத்தது. காசு சுண்டுவது, மைக்ரான் பிழை மாதிரி பெரிய விலகல் மிக வேகமாக அரிதாகிவிடும் விஷயங்களில் எல்லோரும் கூட்டாகக் கொஞ்சம் கொஞ்சம் விலகுவார்கள். 100 தடவை சுண்டி 60 அல்லது அதற்கு மேல் தலை விழ சுமார் 35 இல் ஒரு வாய்ப்பு. அதே 60 சதவீதம், ஆனால் 1000 சுண்டலில் 600 தலை என்றால் எழுநூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்குப் போய்விடும். அப்படியே அது நடந்துவிட்டது என்று வையுங்கள், அந்த 600 தலை எங்கே விழுந்திருக்கும்? ஏதோ ஓரிடத்தில் குவியலாக விழுந்திருக்காது. முதல் நூறில் சுமார் 60, அடுத்த நூறில் சுமார் 60 என்று, ஆரம்பத்திலிருந்தே 60 சதவீதம் தலை விழும் கோணல் காசு மாதிரி நடந்துகொண்டிருக்கும். வெள்ள நஷ்டம், தீ விபத்து இழப்பீடு போன்றவை இதற்கு நேர் எதிர். மொத்தம் எக்கச்சக்கமாகப் போனால் பெரும்பாலும் ஒரே ஒரு ராட்சதத் தொகைதான் காரணமாக இருக்கும்.

இந்தத் துறைக்கு லார்ஜ் டீவியேஷன்ஸ் என்று பெயர், பெருவிலகல் என்று சொல்லலாம். இதில் முதல் பெரிய தேற்றம் ஸ்வீடன் கணிதர் ஹரால்ட் கிராமருடையது, 1938. காப்பீட்டு நிறுவனம் திவாலாகும் வாய்ப்பு என்ன என்ற கேள்விதான் அவரை இதற்குள் இழுத்தது. அப்புறம் தனித்தனியாக இருந்த இப்படிப்பட்ட முடிவுகளை எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் நம்ம சென்னைக்காரர் எஸ்.ஆர். சீனிவாச வரதன், 1966 இல். அரிதான ஒன்று நடந்தே தீர வேண்டும் என்றால், அது நடக்கக்கூடிய அத்தனை வழிகளிலும் இருப்பதற்குள் மிகச் சுலபமான வழியாகத்தான் நடக்கும். அந்தச் சுலபமான வழி எது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. காலையில் போய் உட்கார்ந்து செய்வது அதுதான் அண்ணா. பெரும்பாலான நாட்கள் கிடைக்காது.

ஒயிட்ஃபீல்டு_நெட்வொர்க்

மேலே தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் கணிதன் இல்லை, நெட்வொர்க் கருவிகளில் வேலை, ஆனால் இந்தக் கணக்கை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நம்ம ஊர் தர்ஷினி ஓட்டலில் காலை எட்டரை மணிக்கு டோக்கன் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்குச் சராசரி 4 பேர் வருகிறார்கள், கவுண்டர்காரர் சராசரி 5 பேரை அனுப்புவார். ஆட்கள் தற்செயலாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் பிடிக்கும் நேரமும் தற்செயல். பெரும்பாலும் வரிசை சின்னதாகத்தான் இருக்கும். 20 பேர் அல்லது அதற்கு மேல் நிற்பது நூறு முறை பார்த்தால் ஒரு முறைக்குச் சற்று மேல், 40 பேர் என்றால் பத்தாயிரத்தில் ஒரு முறைக்குச் சற்று மேல். இதுவரை பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

எனக்கு முதல் தடவை கேட்டபோது சிலிர்த்தது அடுத்த விஷயம்தான். அந்த 40 பேர் வரிசை உருவாகும்போது எப்படி உருவாகும்? திடீரென்று ஒரு பஸ் நிறைய ஆள் வந்து இறங்குவது போலவா? கவுண்டர்காரர் எழுந்து போய்விட்டது போலவா? இரண்டும் இல்லை. நிமிடத்துக்கு 5 பேர் வந்தது போலவும் 4 பேர்தான் அனுப்பப்பட்டது போலவும் அது வளரும். இரண்டு எண்ணும் அப்படியே இடம் மாறிக்கொள்கின்றன. நிரூபணம் இருக்கிறது, ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

இதனால் என்ன பயன் என்றால், எங்கள் கருவியில் ஒரு பஃபர், அதாவது தகவல்கள் வரிசையில் காத்திருக்கும் இடம், நிரம்பி வழிவது நூறு கோடியில் ஒரு முறை மட்டும் நடக்கலாம் என்று வடிவமைக்கிறோம். அதைக் கணினியில் ஓட்டிச் சரிபார்க்க நினைத்தால் அந்த ஒரு முறை வரும்வரை காத்திருந்து மாளாது. அதனால் வருகையையும் அனுப்புதலையும் வேண்டுமென்றே இடம் மாற்றி ஓட்டுவோம், வழிதல் அடிக்கடி நடக்கும், பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிஜத்தில் என்ன எடை என்று கணக்கிட்டுத் திருத்திக்கொள்வோம். சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். யாரோ ஒருவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து 'அரிது நடக்கும்போது எப்படி நடக்கும்' என்று யோசித்திருக்காவிட்டால் எனக்கு இது கிடைத்திருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணா.

கெங்கேரி_கணக்கு

அருமையான உதாரணம் சார். ஒன்று மட்டும். அந்த இடமாற்றம் அப்படியே சரியாக வருவதற்கு, வருபவர்களும் அனுப்பும் நேரமும் பழசை ஞாபகம் வைத்துக்கொள்ளாத வகையாக இருக்க வேண்டும், அதாவது இரண்டு நிமிடம் யாரும் வரவில்லை என்பதற்காக அடுத்தவர் சீக்கிரம் வருவார் என்று ஆகக் கூடாது. நிஜ டிராஃபிக்கில் அப்படி இருக்காது. அங்கே எந்த எண் எதுவாக மாறும் என்பதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

ஜெயநகர்_ஆசிரியை

நான் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பயன் பயன் என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண் நாளைக்கு அண்ணனிடம் பயன் காட்ட முடியாத ஒன்றில் மூழ்கும்போது கூசிப்போவாள். ஆகவே 'என்ன மிச்சம்' என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

தம்பி, வீட்டில் ஃபில்டர் காபி போடுவீர்கள் அல்லவா? தூளை மிக நைஸாக அரைத்து அழுத்தி வைத்துவிட்டால் டிக்காஷன் இறங்காது, தண்ணீர் மேலேயே நிற்கும். கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். தூளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் ஒன்றோடொன்று தொடர்பாகி மேலிருந்து கீழ்வரை வழி கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயம். இதைக் கணக்காக எழுதியவர்கள் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இருவர், 1957 இல். சுரங்கத் தொழிலாளர்களின் வாயு முகமூடியில் வடிகட்டியாக வைக்கும் நுண்துளைக் கரித்துண்டுகளைப் பற்றிய கேள்வியிலிருந்து வந்தது அது. சதுரக் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோட்டுத் துண்டுக்கும் ஒரு காசு சுண்டுங்கள், தலை என்றால் வழி திறப்பு, பூ என்றால் அடைப்பு. தாள் எல்லையில்லாமல் நீண்டிருந்தால் எல்லையில்லாமல் போகும் ஒரு வழி கிடைக்குமா? திறக்கும் வாய்ப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கிடைக்கும், அதற்குக் கீழே கிடைக்காது. அந்த அளவு சரியாகப் பாதி என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் ஹாரி கெஸ்டன் நிரூபித்தது 1980 இல். பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும் கேள்வி, பதிலுக்கு இருபது வருடத்துக்கு மேல்.

சரி, இப்போது தாளை விட்டுவிட்டு நிஜ காபித்தூள் மாதிரி நீளம் அகலம் உயரம் மூன்றும் உள்ள கட்டத்துக்கு வாருங்கள். அந்த அளவு சுமார் 0.2488 என்று கணினியில் ஓட்டிப் பார்த்துத் தெரியும், ஆனால் அதற்கு ஒரு சூத்திரம் கிடையாது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. சரியாக அந்த எல்லைப் புள்ளியில் நின்றால் எல்லையில்லா வழி இருக்குமா, இருக்காதா? இருக்காது என்று எல்லோரும் நம்புகிறார்கள். தட்டையான தாளில் நிரூபணம் இருக்கிறது. பதினொன்றும் அதற்கு மேலும் பரிமாணங்கள் உள்ள கட்டங்களிலும் நிரூபணம் இருக்கிறது. நாம் வாழும் மூன்று பரிமாணத்தில் இன்றுவரை இல்லை. இதுதான் மிச்சம், தம்பி. அம்மா காலையில் கையில் வைத்திருக்கும் டபரா டம்ளருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வரதன் பெயர் வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1940 இல் சென்னையில் பிறந்து, பிரசிடென்சி கல்லூரியில் படித்து, கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தபோது அவர் தொழிற்சாலைப் புள்ளியியலைத்தான் எடுத்திருந்தார், உங்கள் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து சார்ட் போடுகிறீர்களே, அந்த வகை. கூடப் படித்த நண்பர்களின் பேச்சில் தூய கணிதத்துக்கு மாறினார். அந்த நண்பர்களில் ஒருவர் கே.ஆர். பார்த்தசாரதி, அவரும் சென்னைக்காரர். சி.ஆர். ராவ் வழிகாட்டி. நிகழ்தகவுக்கு இன்றைய அஸ்திவாரத்தை 1933 இல் போட்ட ரஷ்யக் கணிதர் கோல்மகோரோவ் அப்போது கொல்கத்தா வந்திருந்தார், வரதன் தன் ஆய்வை அவர் முன்னால் வைத்துப் பேசினார். இருபத்திரண்டு வயதுப் பையன்! 1963 இல் நியூயார்க் போனார், 2007 இல் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபல் பரிசு. நான் வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு வருடமும் பின் பெஞ்சில் ஒரு பெண்ணாவது நிமிர்ந்து உட்கார்வாள்.

ராஜாஜிநகர்_வாசகர்

நல்ல திரி. நடைமுறையாக ஒன்று கேட்கிறேன், அவர் அம்மா மனதில் இருப்பதும் இதுவாகத்தான் இருக்கும். ஐந்து வருடம் வீட்டுக்குப் பணம்?

கெங்கேரி_கணக்கு

கேட்க வேண்டிய கேள்விதான். மத்திய அரசு ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, இதோடு வீட்டு வாடகைப்படி அல்லது விடுதி. பெரிய பணம் இல்லை, ஆனால் வீட்டிலிருந்து வாங்க வேண்டியதில்லை, கொஞ்சம் அனுப்பவும் முடியும், நான் அனுப்புகிறேன். நெட், கேட், தேசிய உயர் கணித வாரியத் தேர்வு, புள்ளியியல் நிறுவனத்தின் சொந்த நுழைவுத் தேர்வு என்று வழி நிறைய இருக்கிறது, தங்கைக்கே தெரிந்திருக்கும். பெங்களூரை விட்டுப் போக வேண்டிய அவசியமும் இல்லை. மைசூர் ரோட்டில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஊருக்கு நடுவே இந்திய அறிவியல் கழகம் (ஐஐஎஸ்சி), எலஹங்காவில் டாடா ஆய்வுக் கழகத்தின் கணித மையம், ஹெசரகட்டா பக்கம் டாடா கழகத்தின் கோட்பாட்டு அறிவியல் மையமான ஐசிடிஎஸ், நான்கிலும் நிகழ்தகவு ஆட்கள் இருக்கிறார்கள். படிப்பு முடிந்து ஆசிரியர் வேலை கிடைக்கப் பல வருடம் ஆகலாம், நடுவில் வெளியூர், வெளிநாடு என்று சுற்ற வேண்டியிருக்கும், அதை மறைக்கக் கூடாது. ஆய்விலிருந்து வெளியே வந்தவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் வேலையில்லாமல் இல்லை, வங்கி, காப்பீடு, மென்பொருள் எல்லாம் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொன்று. ஐசிடிஎஸ் நடத்தும் 'காபி வித் க்யூரியாசிட்டி' என்ற பொதுமக்கள் பேச்சு பல சமயம் ஞாயிற்றுக்கிழமை நேரு கோளரங்கத்தில் நடக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

அல்சூர்_அண்ணன்

எல்லோருக்கும் மனதார நன்றி. நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இந்தத் திரியைத் தங்கையிடம் காட்டினேன். காபித்தூள் வந்த இடத்தில் எழுந்து போய் என் பட்டறை கிராஃப் தாளை எடுத்து வந்தாள். பக்கவாட்டில் 6 புள்ளி, மேலிருந்து கீழ் 5 புள்ளி, அதற்கு நடுவே கோடுகள். இரண்டு ஓரத்திலும் நிற்கும் செங்குத்துக் கோடுகள் கணக்கில் சேராதாம், அவற்றை விட்டால் 41 கோடு. நான் சுண்ட, அவள் தலை விழுந்த கோட்டை மட்டும் பேனாவால் அழுத்தினாள். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு வழி கிடைக்கிறதா என்று அம்மா விரலை வைத்துத் தேடினார்கள். முதல் தடவை கிடைக்கவில்லை, கடைசிப் புள்ளிக்கு முன்னால் அறுந்துவிட்டது. இரண்டாவது தடவை மேலே ஏறி இறங்கி ஒரு வழி போய்விட்டது.

வழி கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். சரியாகப் பாதி, ஒரு துளிகூட முன்னே பின்னே இல்லை என்றாள். 41 கோட்டுக்கும் எத்தனை கோடி விதம் இருக்கும், எப்படி எண்ணினாய் என்றேன். எண்ணவே இல்லை என்று சொல்லி, வழி கிடைக்காத முதல் தாளை எடுத்து, அடைபட்ட கோடுகளை மட்டும் குறுக்கே வெட்டியபடி சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள். இடமிருந்து வலம் வழி இல்லை என்றால் மேலிருந்து கீழே இப்படி ஒரு வெட்டு கட்டாயம் இருக்கும், வழி இருந்தால் வெட்டு இருக்க முடியாது, இரண்டில் ஒன்றுதான். அப்புறம் தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். வெட்டுக்கோடு நடக்கும் கட்டமும் அதே 6க்கு 5, அதே 41 கோடு. திறப்பும் பாதி, அடைப்பும் பாதி என்பதால் இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு. ஆகவே பாதி.

பதினோரு வருடமாக வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் மெஷினில் ஜாப் ஏற்றுகிறேன். தாளைத் திருப்பியே ஒரு விடையை எடுக்கலாம் என்று எனக்குத் தெரியாது. அம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு தாள் எடுத்து வா என்றார்கள், மணி பதினொன்றரை வரை சுண்டிக்கொண்டிருந்தோம்.

விண்ணப்பக் கட்டணம் எல்லாவற்றையும் நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆசிரியை அம்மா, அந்த மூன்று பரிமாண விஷயத்தைப் பற்றி அவளிடம் கேட்டால், "அதைப் பற்றி இப்போது பேசாதே அண்ணா, தூக்கம் வராது" என்கிறாள். கோளரங்கத்துக்கு அல்சூரிலிருந்து மெட்ரோவில் எங்கே இறங்க வேண்டும், அம்மாவால் அதிகம் நடக்க முடியாது.

ராஜாஜிநகர்_வாசகர்

பர்ப்பிள் லைனில் விதான சௌதா ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், அம்மாவுக்காக ஆட்டோ பிடித்துவிடுங்கள். கிளம்பும் முன் அந்த வாரம் எங்கே நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சில சமயம் இடம் மாறும்.